ஸ்கோப்பின் ஜூம் வளையத்துக்கு எந்த த்ரோ லீவர்?

உருப்பெருக்கத்தை மாற்றும் வசதியுள்ள ரைஃபிள் ஸ்கோப்பை வைத்திருப்பவர்களுக்கு, அதன் ஜூம் வளையத்தில் தனியாக ஒரு த்ரோ லீவரை வாங்கிப் பொருத்தலாமா என்ற கேள்வி என்றாவது ஒருநாள் எழவே செய்யும். வளையத்தின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கணு அளவுக்கு வெளியே நீட்டி நிற்கும் சிறு நெம்புகோல்தான் அது. பொருத்துவதற்குச் சில நிமிடங்களே ஆகும் என்பதால், கண்ணில் பட்ட முதல் லீவரை வாங்கி மாட்டிவிடுகிறவர்களே அதிகம். ஆனால் ஒன்றிரண்டு சிறு திருகுகளால் இறுக்கப்படும் இந்தத் துண்டு, ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் நுட்பமான பாகங்களோடு நேரடியாக இணைந்த ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே எந்த வகை, எவ்வளவு நீளம், எந்த இடம் என்பவற்றை முன்கூட்டியே யோசித்து முடிவு செய்வது அவசியம்.

அந்த வளையத்தின் உள்ளமைப்பை முதலில் பார்த்துவிடலாம். ஸ்கோப்பின் குழலுக்குள் இன்னொரு சிறு குழல் இருக்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நேராக்கும் லென்ஸ்கள் அதற்குள்தான் முன்னும் பின்னும் நகர்கின்றன. சாய்வான காடிகள் வெட்டப்பட்ட ஓர் உறை அந்த லென்ஸ்களை நகர்த்துகிறது. வெளியே நாம் திருப்பும் ஜூம் வளையமோ, முதன்மைக் குழலின் சுவரில் வெட்டப்பட்ட ஒரு நீள்துளையின் வழியாகச் செல்லும் சிறு திருகால் அந்த உறையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. துளையின் இரு பக்கமும் உள்ள ரப்பர் ஓ-வளையங்களும் அவற்றின் மேலிருக்கும் ஜூம் வளையமும் சேர்ந்துதான், உள்ளே நிரப்பப்பட்ட நைட்ரஜனோ ஆர்கானோ வெளியேறாமலும் ஈரம் உள்ளே புகாமலும் காக்கின்றன. ஜூம் வளையம் வெறும் திருகுமூடி அல்ல. அது ஸ்கோப்பின் காப்பரணில் ஒரு பகுதி. அதைத் துளையிடுவதோ, பசை ஊற்றி லீவரை ஒட்டுவதோ, அளவுக்கு மீறி நசுக்கி இறுக்குவதோ கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி, லீவர் தேவையா என்ற கேள்வி. ஒன்றும் பொருத்தாமல் இருப்பதும் ஒரு தெரிவுதான். அதை மற்றவற்றுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும். மேசையில் ரைஃபிளை நிறுத்தி, ஒரே தூரத்தில் உள்ள காகித இலக்கை ஒரே உருப்பெருக்கத்தில் சுட்டுப் பழகுகிறவருக்கு லீவரால் எந்தப் பயனும் இல்லை. நாளெல்லாம் அந்த வளையத்தை ஓரிரு முறைதான் அவர் தொடுவார். அதற்கு நேர்மாறாக, 1-6 அல்லது 1-8 உருப்பெருக்க ஸ்கோப்பை வைத்து, பத்து மீட்டரில் ஓர் இலக்கையும் அடுத்த சில நொடிகளில் இருநூறு மீட்டரில் இன்னொன்றையும் சுட வேண்டிய போட்டியாளருக்கு லீவர் இல்லாமல் வேலை ஓடாது. தடுப்புகளின் மேலும் கூரைச் சரிவுகளிலும் ரைஃபிளை வைத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டிகளில், இலக்கைத் தேட உருப்பெருக்கத்தைக் குறைத்து, கண்டபின் கூட்டி, அடுத்ததற்கு மீண்டும் குறைக்க வேண்டியிருக்கும். உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பின் அகலம் அதே விகிதத்தில் சுருங்குவதால், 20 மடங்கில் தேடிக்கொண்டிருப்பவர் நேரத்தைத்தான் இழப்பார். தடித்த கையுறை அணிந்து குளிரில் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கும், விரல்களில் வலுக் குறைந்தவருக்கும், மூட்டுவலி உள்ளவருக்கும் லீவர் மெய்யான உதவி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வளையம் கடினமாகச் சுழல்கிறது என்பதற்காக மட்டும் லீவர் வாங்க நினைப்பவர், அது ஏன் கடினமாக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஸ்கோப்பைத் தாங்கும் பின்பக்க மவுண்ட் வளையத்தின் திருகுகள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தால், முதன்மைக் குழல் சற்றே நசுங்கி, உள்ளே சுழலும் உறையைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திருகுகளைத் தளர்த்தியதும் ஜூம் வளையம் இலகுவாகிவிட்டால், குறை மவுண்டில் இருக்கிறது என்று பொருள். புதிய ஸ்கோப்பாக இருந்தால், வளையத்தை இரு எல்லைகளுக்கும் இடையே பலமுறை திருப்பிப் பழக்கினாலே கிரீஸ் சீராகப் பரவி ஓரளவு இலகுவாகிவிடும். பழைய ஸ்கோப்பில் கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கலாம். அதற்குத் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புப் பிரிவுதான் வழி. இத்தகைய குறைகளை லீவர் தீர்க்காது. கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும். கூடவே, உள்ளே இருக்கும் அந்தச் சிறு திருகின் மேல் விழும் விசையையும் கூட்டிவிடும்.

லீவர் என்ன செய்கிறது என்பதை எண்களில் பார்ப்பது முடிவெடுக்க உதவும். ஜூம் வளையத்தின் விட்டம் 44 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், ஆரம் 22. வளையத்தின் பரப்பிலேயே விரலை வைத்துத் திருப்பினால் ஒரு குறிப்பிட்ட விசை தேவைப்படுகிறது. மையத்திலிருந்து 34 மில்லிமீட்டரில், அதாவது வளையத்துக்கு மேல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் விரல் வைக்கும்படி லீவர் இருந்தால், அந்த விசையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போதும். 44 மில்லிமீட்டருக்கு நீட்டினால் பாதி போதும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முழு ஜூமுக்கும் அரைச் சுற்று தேவைப்படும் ஸ்கோப்பில், வளையத்தின் பரப்பில் விரல் கடக்கும் தூரம் சுமார் 69 மில்லிமீட்டர். 34 மில்லிமீட்டர் ஆரத்தில் அது 107 ஆகிறது. 44-இல் 138 ஆகிறது. நீளம் கூடக் கூட விசை குறைகிறது, ஆனால் கை வீச வேண்டிய தூரம் கூடுகிறது. ஆதரவுக் கையின் கட்டைவிரலை மட்டும் நீட்டி லீவரைத் தள்ள நினைப்பவருக்கு மிக நீளமான லீவர் பொருந்தாததற்கு இதுதான் காரணம். விரலின் எட்டுக்கு வெளியே அது போய்விடும். உண்மையில் லீவரின் பெரும் பயன் விசை குறைவதில் இல்லை என்பது என் கருத்து. வளையத்தை மூன்று விரல்களால் கவ்விப் பிடிக்கும்போது மணிக்கட்டு திரும்ப வேண்டியிருக்கிறது, பிடியை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்குள் கன்னம் ரைஃபிள் கட்டையிலிருந்து எழுந்துவிடுகிறது. லீவர் இருந்தால் ஒரே தள்ளலில், தலையை எடுக்காமலே வேலை முடிகிறது. அதோடு, லீவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே உருப்பெருக்கம் எந்த எல்லையில் இருக்கிறது என்றும் அறிந்துவிடலாம்.

வகைகளுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஸ்கோப்பின் வளையத்தில் தயாரிப்பாளரே மரை வெட்டிய துளை விட்டிருக்கிறாரா என்பது. லியூபோல்டின் விஎக்ஸ்-6எச்டி போன்ற ஸ்கோப்புகளில் வளையத்திலேயே திருகிப் பொருத்தவும் கழற்றவும் கூடிய சிறு லீவர் உண்டு. துளை இருந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. வளையத்தை எதுவும் நசுக்காது, எண்கள் மறையாது, லீவர் சுற்றி நழுவும் பேச்சுக்கே இடமில்லை. இதன் ஒரே குறை, இடம் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதுதான். அந்த இடம் உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துவராவிட்டால் மாற்ற வழியில்லை. துளை இல்லாத வளையத்தில் நாமே துளையிட்டு மரை வெட்டலாம் என்ற யோசனையை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, குறிப்பிட்ட ஸ்கோப்பின் அளவுக்கென்றே கடைந்தெடுத்த அலுமினிய இறுக்கு வளையம். வோர்டெக்ஸ் நிறுவனம் ஸ்விட்ச்வியூ என்ற பெயரிலும், நைட்ஃபோர்ஸ் நிறுவனம் பவர் த்ரோ லீவர் என்ற பெயரிலும் தங்கள் ஸ்கோப்புகளுக்கு இத்தகையவற்றைக் கொண்டுவந்திருக்கின்றன. இவை தவிரப் பல சிறு பட்டறைகளும் பல ஸ்கோப்புகளின் அளவுகளுக்குச் செய்து விற்கின்றன. இவற்றில் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. ஒரே இடத்தில் பிளவுபட்ட வளையத்தை ஒரு திருகால் நெருக்கி இறுக்குவது ஒன்று. இரண்டு அரைவட்டங்களை இருபுறமும் திருகுகளால் சேர்ப்பது மற்றொன்று. முதல் வகையை ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் முனையின் பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும். ஐபீஸின் விளிம்பு ஜூம் வளையத்தைவிடப் பெரிதாக இருந்தால் அது நுழையாது, அல்லது பிளவை விரித்து நுழைக்கும்போது மேற்பூச்சைக் கீறிவிடும். இரண்டு அரைவட்ட வகை எந்த ஸ்கோப்பிலும் பக்கவாட்டிலிருந்தே அமரும், இறுக்கமும் சுற்றிலும் சீராக இருக்கும். இரண்டுக்கும் இடையே தெரிவு இருந்தால் நான் அரைவட்ட வகையையே எடுப்பேன்.

இந்த வகையில் எல்லாமே அளவின் துல்லியத்தில்தான் இருக்கிறது. வெர்னியர் காலிப்பரால் ஜூம் வளையத்தை அளக்கும்போது, பிடிப்புக்காக வெட்டப்பட்ட வரிகளின் முகட்டில் ஒருமுறையும் பள்ளத்தில் ஒருமுறையும் அளக்க வேண்டும். கண்பக்க விளிம்பிலும் முன்பக்க விளிம்பிலும் தனித்தனியே அளந்தால், வளையம் சற்றே கூம்பாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டர் விட்ட வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் லீவரின் உள்விட்டம் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால், அதை இறுக்கிப் பிடிக்க வைக்க அதன் சுற்றளவு சுமார் 1.6 மில்லிமீட்டர் குறைந்தாக வேண்டும். பிளவின் இடைவெளியே ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்றால், திருகு முழுதாக இறுகிய பின்னும், பிளவின் இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டி நின்ற பின்னும், லீவர் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். நன்கு செய்யப்பட்ட லீவரை மாட்டி இறுக்கியபின் பிளவில் மெல்லிய ஒளிக்கீற்று தெரிய வேண்டும். பல ஸ்கோப்புகளின் ஜூம் வளையத்தில் முதலிலேயே ஒரு சிறு புடைப்பு இருக்கும்; அதை உள்வாங்கும் பள்ளம் லீவரின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருந்தால், சுழற்சி விசையை அந்தப் புடைப்பே தாங்கிக்கொள்ளும். திருகை மென்மையாக இறுக்கினாலே போதும். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான்.

எல்லா ஸ்கோப்புக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பொதுவகை லீவர்கள், ஒரு பட்டையோ அனுசரிக்கும் வளையமோ கொண்டு பல விட்டங்களைப் பிடிக்க முயல்கின்றன. அவை முழுச் சுற்றையும் அணைத்துப் பிடிக்காமல் சில புள்ளிகளில் மட்டும் அழுத்துவதால், அந்த இடங்களில் வளையம் உள்நோக்கி வளைந்து, சுழற்சி ஒரு பகுதியில் இறுகியும் மற்றொரு பகுதியில் தளர்ந்தும் போகும் வாய்ப்பு இருக்கிறது. ஸ்கோப்பை அடிக்கடி மாற்றுகிறவருக்கு வசதியாக இருக்கலாம் என்பதைத் தவிர, இவற்றை எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

முப்பரிமாண அச்சில் வார்த்த பிளாஸ்டிக் லீவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவற்றை இகழ்ந்து ஒதுக்குகிறவர்களும் அளவுக்கு மீறிப் புகழ்கிறவர்களும் சம அளவில் இருக்கிறார்கள். இவற்றின் பெரும் சிறப்பு, உங்கள் வளையத்தின் அளவுக்கே, புடைப்புக்கான பள்ளத்தோடு, நீங்கள் விரும்பும் நீளத்தில் செய்துகொள்ளலாம் என்பது. எளிதில் கிடைக்காத பழைய ஸ்கோப்புக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லாமலும் போகலாம். குறை, பொருளின் தன்மையில் இருக்கிறது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்குகிறது. வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்துக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். பிஇடிஜி சுமார் 80 டிகிரி வரையும், ஏபிஎஸ் 100 டிகிரியை ஒட்டியும் தாங்கும். நைலான் முறியாமல் வளைந்து கொடுக்கும். எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும், தொடர்ந்து இறுக்கத்தில் இருக்கும்போது மெல்ல மெல்ல நீண்டு தளர்வது அதன் இயல்பு. லீவரின் தண்டு வளையத்தோடு சேரும் மூலையில், அச்சின் அடுக்குகள் எந்தத் திசையில் அமைந்திருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். தண்டின் குறுக்கே அடுக்குகள் ஓடினால், ஒருநாள் அங்கேதான் முறியும். அதே சமயம் பிளாஸ்டிக் முறிவது ஒருவகையில் பாதுகாப்பும்கூட. ரைஃபிள் கீழே விழுந்து லீவரின் மேல் அடி விழுந்தால், அலுமினிய லீவர் அந்த அடியை ஜூம் வளையத்துக்குள்ளும் உள்திருகுக்குள்ளும் கடத்திவிடும். பிளாஸ்டிக் தான் உடைந்து வளையத்தைக் காப்பாற்றும். என் பரிந்துரை, முதலில் ஓர் அச்சு லீவரைப் பொருத்தி எந்த இடம், எந்த நீளம் தனக்கு ஒத்துவருகிறது என்று பார்த்துக்கொண்டு, அதன்பிறகு அதே அமைப்பில் அலுமினிய லீவரை வாங்குவது.

ரப்பர் அல்லது சிலிக்கான் பட்டையில் ஒரு சிறு திமில் வைத்த வகை, திருகே இல்லாமல் இழுத்து மாட்டப்படுகிறது. எதையும் நசுக்காது, உடையில் சிக்காது, கழற்றினால் தடம் இருக்காது. வளையம் இயல்பாகவே இலகுவாகச் சுழலும் ஸ்கோப்புக்கு இது போதும். கடினமான வளையத்தில் பட்டை மட்டும் சுற்றும், வளையம் அசையாது. எண்ணெய் பட்டாலும் நழுவும்.

மடக்கக்கூடிய லீவர்கள், தேவையில்லாதபோது வளையத்தோடு படிந்துவிடும். பையில் வைக்கும்போதும் புதர்களுக்கிடையே நடக்கும்போதும் இது பெரிய வசதி. ஆனால் கீல் ஒன்று சேர்வதால் நாளடைவில் ஆட்டம் வரும். தவிரவும், அவசரத்தில் கை போகும்போது லீவர் மடங்கிக் கிடந்தால் அது இருந்தும் பயனில்லை. மலையேறி வேட்டைக்குச் செல்கிறவருக்கு உகந்தது. போட்டியாளருக்கு நிலையான குட்டை லீவரே மேல்.

நீளத்தை முடிவு செய்யும்போது ஸ்கோப்பின் ரெட்டிகிள் (குறிபார்க்க உதவும் கோடுகள்) எந்தக் குவியத் தளத்தில் (லென்ஸ்கள் பிம்பத்தைக் குவிக்கும் இடத்தில்) இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. முதல் குவியத் தள ஸ்கோப்பில் உருப்பெருக்கம் மாறினாலும் ரெட்டிகிளின் அளவுக் கோடுகள் இலக்கோடு சேர்ந்தே பெரிதாகிச் சிறிதாகும். 1 மில் என்ற கோண அளவு எப்போதும் நூறு மீட்டரில் 10 சென்டிமீட்டர்தான். ஆகவே லீவர் எதிலாவது உரசிச் சற்று நகர்ந்தாலும் கணக்கு கெடாது. இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பில் அப்படியல்ல. உச்ச உருப்பெருக்கமான 20-க்கு அளவிடப்பட்ட ரெட்டிகிளை வைத்துக்கொள்வோம். பையின் பட்டையில் லீவர் சிக்கி, தெரியாமலே 16-க்கு இறங்கிவிட்டால், 1 மில் என்று குறித்த கோடு இப்போது 1.25 மில்லைக் காட்டும். 500 மீட்டரில் 4 மில் உயர்த்திப் பிடிப்பதாக நினைப்பவர் உண்மையில் 5 மில் உயர்த்தியிருப்பார். குண்டு அரை மீட்டர் மேலே போகும். இத்தகைய ஸ்கோப்புக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாத, விளிம்புகள் உருண்ட லீவரே தகும். சுடும்முன் எண்ணைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். எண்கள் வளையத்தின் பரப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தால், அவற்றை மூடிவிடும் அகலமான இறுக்கு வளையத்தை இங்கே தவிர்க்க வேண்டும்.

இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. லீவர் எங்கே இருக்கிறது என்று ஒரு நிலையில் மட்டும் பார்ப்பது போதாது; குறைந்த உருப்பெருக்கத்திலும் உச்சத்திலும், அவற்றுக்கு இடையிலும் அது எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்கி இழுத்து இயக்கும் போல்ட் ரைஃபிளில் முதல் எதிரி போல்ட்டின் கைப்பிடி. ரெமிங்டன் 700, மௌசர் 98 போன்றவற்றில் கைப்பிடி 90 டிகிரி மேலெழுவதால் ஐபீஸுக்கு மிக நெருங்கி வருகிறது. டிக்கா டி3எக்ஸில் அது 70 டிகிரி, வெதர்பி மார்க் 5-இல் 54 டிகிரி என்பதால் இடம் தாராளம். கைப்பிடி லீவரைத் தொடாவிட்டாலும், அதைப் பிடித்திருக்கும் விரல்முட்டி தொடலாம். வலது கையால் சுடுகிறவர், பின்னாலிருந்து பார்க்கும் வளையத்தைக் கடிகார முகப்பாக எண்ணினால், லீவர் எந்த நிலையிலும் வலப்பக்கத்தில் 3 மணிக்குக் கீழே இறங்காதபடி வைத்துக்கொள்வது நல்லது. இடக்கைக்காரருக்கு இது அப்படியே மாறும். வளையம் அரைச் சுற்றுத் திரும்பினால் 9 மணியிலிருந்து 12 வழியாக 3 மணி வரையிலான வில்லே வசதியானது.

ஏஆர்-15 வகை ரைஃபிள்களில் பின்பக்கத்து மடக்குக் குறிநோக்கி, 45 டிகிரி சாய்வில் வைத்த ரெட் டாட் (சிவப்புப் புள்ளியைக் காட்டும் குறிநோக்கி), தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் சார்ஜிங் கைப்பிடியின் தாழ்ப்பாள் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரு கண்களையும் திறந்து 1 உருப்பெருக்கத்தில் சுடுகிறவருக்கு, அந்த நிலையில் லீவர் நேர் மேலே நின்றால் பார்வையின் விளிம்பில் ஒரு மங்கலான நிழலாகத் தெரிந்து தொல்லை தரும், பக்கவாட்டில் இருக்கட்டும். சில ஸ்கோப்புகளில், நைட்ஃபோர்ஸ் என்எக்ஸ்எஸ் போல, ஜூமை மாற்றும்போது ஐபீஸ் முழுவதுமே சுழலும். அங்கே திறந்து மூடும் லென்ஸ் மூடியும் கூடவே சுழன்று, திறந்த நிலையில் லீவரோடோ போல்ட்டோடோ மோதக்கூடும் என்பதால், மூடியின் கீல் நிற்கும் இடத்தையும் லீவரின் இடத்தையும் ஒன்றாகவே தீர்மானிக்க வேண்டும்.

பொருத்தும் வேலை எளிது. ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை, தோட்டா அமரும் அறையைப் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். இடத்தைச் சரிபார்க்கும்போது மட்டும் போல்ட்டை மீண்டும் போட்டுக்கொள்ளலாம். வளையத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கிய பிறகு, லீவரை உட்கார வைத்து, திருகுகளை மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பிறகும் ஜூம் வளையத்தை எல்லை முதல் எல்லை வரை திருப்பிப் பாருங்கள். முன்பைவிடக் கனமாகச் சுழலத் தொடங்கும் கணமே அளவு மீறிவிட்டது என்று பொருள். அரைக்கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். நீளமான ஆலன் கீயின் குறுகிய பக்கத்தை விரல்களால் பிடித்துத் திருப்பினால், தேவைக்கு மீறி இறுக்குவது கடினம். மரைப்பசை இடுவதானால் நடுத்தர வலுவுள்ள நீல வகையில் ஒரு சொட்டு, திருகின் மரையில் மட்டும். அது வளையத்தின் அடியில் வழிந்தால் சுழற்சியைப் பிடித்துவிடும். பிளாஸ்டிக் லீவரில் மரைப்பசையே வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசலை உண்டாக்கும்.

இறுதியாக, லீவரின் ஓரத்திலிருந்து ஜூம் வளையத்துக்கு ஒரு மெல்லிய பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் நாள் சுட்டு முடித்ததும் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் பலரும் செய்வதுபோல உடனே திருகை இன்னும் இறுக்க முனைய வேண்டாம். லீவரைக் கழற்றி, அதன் உள்விட்டத்தையும் வளையத்தின் விட்டத்தையும் மீண்டும் காலிப்பரால் அளந்து பாருங்கள். வேறுபாடு கால் மில்லிமீட்டருக்குள் இருந்தால், உட்புறத்தில் மெல்லிய ஒட்டுநாடா ஒரு சுற்று வைத்தாலே பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் அந்த லீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியான அளவை வாங்க வேண்டும்.